பாலாற்றுத் தீர்ப்பு: ஒரு திறனாய்வு

நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிப்பது வழக்கறிஞர்களின் வேலை என்று நாம் பொதுவாக எண்ணிவிடுகிறோம். கதையையும் கவிதையையும் எடுத்துவைத்து ஆராய்கின்ற நாம், நம் ஊர்க் கிணற்று நீரைப் பற்றி நாட்டின் மிக உயர்ந்த மன்றம் எழுதியதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. தீர்ப்பும் ஒரு நூலே. அதற்கும் தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்ற கட்டுக்கோப்பு உண்டு. அது யாரைப் பேச விடுகிறது, யாரைப் பெயரளவில் நிறுத்திவிடுகிறது என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்னும் அமைப்பு இந்திய ஒன்றியத்தின்மீது தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. நீதியரசர்கள் குல்தீப் சிங், ஃபைசானுத்தீன், கே. வெங்கடசாமி ஆகிய மூவர் அமர்ந்த ஆயத்தின் சார்பில் குல்தீப் சிங் எழுதியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர் எவரும் இதைக் கடந்து செல்ல முடியாது. ஆயினும் நம் வாசகர்களுக்கு இதைப் படிக்க வேறொரு காரணமும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்ற பெயர்கள் நமக்கு அயலானவை அல்ல. தோல் வணிகம் அந்த ஊர்களில் நம்மவர் பலருக்கு வாழ்வளித்தது. அச்செல்வத்தில் ஒரு பகுதி பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் மருத்துவமனையாகவும் மாறியது. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீமின் பெயர் தாங்கிய கல்லூரியும் அந்த வட்டாரத்தின் பெருமைகள். அதே வட்டாரத்தின் நிலத்தடி நீரைப் பற்றிய தீர்ப்பு இது. ஆலை உரிமையாளர், ஆலைத் தொழிலாளி, அடுத்த தெருவில் கிணறு வைத்திருப்பவர் ஆகிய மூவரும் நம்மிடையே இருக்கின்றார்கள். ஆகவே இதைப் பிறர் வழக்காக எண்ணி ஒதுக்க நமக்கு இடமில்லை.

ஆறும் தொழிலும்

பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைச் சிறிது தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைந்து, கல்பாக்கத்துக்கு அண்மையில் கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் ஓட்டத்தில் பெரும்பகுதி, சுமார் 222 கிலோமீட்டர், நம் மாநிலத்தில்தான். ஆண்டின் பெரும்பகுதியில் மேலே மணல்தான் தெரியும். நீர் அடியில் ஓடும். அந்த வட்டாரத்து மக்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியும், கரையோரம் கிணறு வெட்டியும், ஊற்றுக் கால்வாய்களை வெட்டி வயலுக்குக் கொண்டுசென்றும் பயிர் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நீர் கண்ணுக்குத் தெரியாமலே கெடும் என்பதுதான் இவ்வழக்கின் அடிப்படைத் துயரம்.

முற்காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போதுமாயிருந்தன. நாற்றம் இருந்தது, எனினும் கழிவு பெரும்பாலும் மண்ணோடு மக்கிப் போகும் தன்மையது. 1970களின் தொடக்கத்தில் நடுவணரசு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாகச் செய்து முடித்த தோலையும் தோற்பொருளையுமே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற கொள்கைக்கு மாறியது. அன்னியச் செலாவணி கூடியது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கத் தூவப்படும் கறியுப்பும், ஆலைகளின் வேதிப்பொருள்களும் சேர்ந்து கழிவுநீரில் இறங்கின. செய்து முடித்த தோல் கடல் கடந்தது. உப்பு மட்டும் பாலாற்றங்கரையில் தங்கியது. இக்கேட்டிற்கு ஆலைக்காரர்களை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையன்று. கொள்கை வகுத்த அரசும், மலிவாக வாங்கிய வெளிநாட்டாரும் இதில் பங்காளிகள்.

தீர்ப்பு இந்நிலையை எண்களோடு எடுத்துக் காட்டுகிறது. அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகிய ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் இருந்தன. ஒரு கிலோ தோலைச் செய்து முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. வேலூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் கணக்குப்படி, 35,000 ஹெக்டேர் அளவிலான விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு பார்வையிட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன. பாலாற்றுத் தீர்ப்பு என்று நாம் சுருக்கமாகச் சொன்னாலும், அதன் எல்லை பாலாற்றை விடப் பெரியது என்பதை இதனால் அறியலாம்.

தீர்ப்பின் சிறப்பு

குடிமகன் ஒருவன் இத்தகைய வழக்கோடு நீதிமன்றத்துக்குள் நுழைவதே ஒரு காலத்தில் அரிது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் முதலில் வந்தபோது, அதன்கீழ்க் குற்றவியல் புகார் கொடுக்கும் வாய்ப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமே இருந்தது. கிணறு கெட்டவன் வாரியத்தைக் கெஞ்ச வேண்டும். வாரியம் அசையாவிட்டால் அவனுக்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை. போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1988இல் நீர்ச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தமும்தான், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் புகார் செய்யலாம் என்று கதவைச் சிறிது திறந்தன. இதற்கிடையே பொதுநல வழக்கு என்ற முறையை உச்ச நீதிமன்றம் வளர்த்திருந்தது. தூய நீரையும் காற்றையும் பெறுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று 1991இல் அது கூறியது. அதே ஆண்டில்தான் வேலூர்க் குடிமக்கள், 32ஆம் பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

தீர்ப்பின் முதற்பெருமை அதன் நிலைப்பாட்டில் இருக்கிறது. தோல் தொழில் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை அது மறுக்கவில்லை. நாட்டின் செய்து முடித்த தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழகத்தினுடையது என்பதையும் அதுவே சொல்கிறது. அத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னர், மண்ணையும் நீரையும் அழிக்கும் உரிமை அத்தொழிலுக்கு இல்லை என்று அறுதியிடுகிறது. எதிர்த்தரப்பின் வலிமையை மறைத்து எளிதில் வெல்லும் எழுத்தாளர்கள் பலர். அவ்வலிமையை முழுதும் எடுத்துவைத்து, அதற்கு மேல் நின்று முடிவு சொல்லும் நேர்மை இத்தீர்ப்பில் உண்டு.

இரண்டாவது பெருமை, அது நிலைநாட்டிய கோட்பாடுகள். கேடு வரும் என்று அஞ்சக் காரணம் இருந்தால், அறிவியல் முடிவு முழுமையாகக் கிட்டவில்லை என்று சொல்லிக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. கேடு செய்தவனே நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவையும், பாதிக்கப்பட்டோர்க்கு ஈட்டையும் தர வேண்டும் என்பது மற்றொன்று. தன் தொழிலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவனைச் சேரும் என்பது மூன்றாவது. ஏழை உழவன் ஆய்வுக்கூடமும் நிபுணரும் தேடி அலைய வேண்டியதில்லை என்று சொன்ன இந்த மூன்றாவது கோட்பாடே, நம் கருத்தில், தீர்ப்பின் உயிர்.

ஆணைகளும் துல்லியமானவை. ஒவ்வோர் ஆலையும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் கட்ட வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் நடுவணரசு ஓர் ஆணையம் அமைக்க வேண்டும். இழப்பைக் கணக்கிட்டு, பாதிக்கப்பட்டோரை இனம் கண்டு, கெடுத்தவர்களிடமிருந்து நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளுக்குள் ஆலைகள் தனியாகவோ கூட்டாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும். தவறினால் மூட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கெனத் தனி ஆயம் அமைய வேண்டும். நாளும் தொகையும் குறித்து எழுதப்பட்ட தீர்ப்பு என்பதால், நிறைவேறியது எது, நிறைவேறாதது எது என்று பிற்காலத்தவர் அளந்து பார்க்க முடிகிறது.

தீர்ப்பில் காணாமற்போனவர்கள்

இத்துணைச் சிறப்புடைய தீர்ப்பில் நாம் காணும் பெருங்குறை ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ நகரில் கூடிய உலக மாநாட்டின் பிரகடனத்தைத் தீர்ப்பு தன் கோட்பாடுகளுக்குத் துணையாகக் கொள்கிறது. அப்பிரகடனத்தின் 15ஆம் கோட்பாடு முன்னெச்சரிக்கை. 16ஆம் கோட்பாடு கெடுத்தவன் செலவை ஏற்பது. இவ்விரண்டையும் தீர்ப்பு உயர்த்திப் பிடித்தது. அதே பிரகடனத்தின் 10ஆம் கோட்பாடு, சுற்றுச்சூழல் பற்றிய செய்திகளை அறியவும், முடிவெடுப்பதில் பங்குகொள்ளவும், நீதியையும் ஈட்டையும் பெறவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் வழி இருக்க வேண்டும் என்கிறது. 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை இம்மூன்றையும் சட்டக் கடமையாகவே ஆக்கியது. நம் நாடு அதில் சேரவில்லை. ஆனால் ரியோ பிரகடனத்தை ஏற்ற நாடு இது. இருந்தும் தீர்ப்பு தூக்கி நிறுத்திய கோட்பாடுகளுள் பத்தாவது இடம்பெறவில்லை.

இது சிறு விடுபாடு என்று தோன்றலாம். விளைவைப் பார்த்தால் அப்படியன்று. வழக்கைக் கொண்டுவந்தவர்கள் குடிமக்கள். தீர்ப்பின் கடைசிப் பகுதிக்கு வரும்போது எல்லாப் பணிகளும் ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் காவல்துறைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிடுகின்றன. குடிமகனுக்கு எஞ்சுவது பயனாளிகள் பட்டியலில் ஒரு பெயர். ஒவ்வொரு ஆலையின் கழிவுநீர்ப் பரிசோதனை முடிவும் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும் என்று ஓர் ஆணை இருந்திருந்தால்? சுத்திகரிப்பு நிலையத்தைக் கண்காணிக்கும் குழுவில் அந்த ஊர் உழவரும் பெண்களும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால்? ஆணையிடப்பட்ட தேதிகள் கடந்தபோது கேட்பதற்கு ஊரிலேயே ஆள் இருந்திருக்கும்.

இரண்டாவதாகக் காணாமற்போனவர் தொழிலாளி. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை எடுப்பவரும், மயிரும் சதையும் சுரண்டுபவரும் இந்த நாட்டின் மிக ஏழைகள்; அவர்களுள் தாழ்த்தப்பட்டோரும் முஸ்லிம்களும் மிகுதி. ஆலையை மூடு என்ற ஆணை அவர்கள் அடுப்பைத்தான் முதலில் அணைக்கும். இத்தீர்ப்பில் அவர்களுக்கெனத் தனி ஆணை ஏதும் காணோம். அதே குல்தீப் சிங், நான்கு மாதங்களுக்குள், 1996ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், கல்கத்தாவின் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்றச் சொல்லி எழுதிய தீர்ப்பில், இடம் மாறும் ஆலைகளில் தொழிலாளரின் வேலைத் தொடர்ச்சியையும், மூடும் ஆலைகளில் அவர்களுக்குரிய ஈட்டையும் வரையறுத்தார். கங்கைக் கரைக்குக் கிடைத்த அந்தக் கருத்து பாலாற்றங்கரைக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி வாசகனுக்கு எழாமல் போகாது.

மூன்றாவது, மேற்கோள்களைப் பற்றியது. தூய நீருக்கான உரிமை தொன்மையானது என்று காட்ட, தீர்ப்பு 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனைத் துணைக்கு அழைக்கிறது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் தொழில்களைச் சொல்லும்போது அவர் தோல் பதனிடுபவனைப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார் என்பது உண்மை, மேற்கோள் பொருத்தமானதே. ஆயினும் ஏரியையும் கால்வாயையும் ஊரே கூடிப் பேணிய குடிமராமத்து வழக்கம் இந்த மண்ணுக்கு உரியது. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக்கலை வல்லுநர் இப்னு ராமி, புகையாலும் நாற்றத்தாலும் ஓசையாலும் அண்டை வீட்டாருக்கு நேரும் தீங்கைச் சட்ட நோக்கில் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். ஒருவன் தன் உரிமையைப் பயன்படுத்திப் பிறனுக்குத் தீங்கு செய்யலாகாது என்பது ஃபிக்ஹு நூல்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆலைக்காரரும் உழவரும் ஏற்கெனவே மதிக்கும் மரபிலிருந்து ஒரு சொல் எடுத்துப் பேசியிருந்தால், தீர்ப்பு அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த கட்டளையாகத் தோன்றியிராது.

நான்காவது, மொழி. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அது நீதிபதியின் குற்றமன்று. ஆனால் சோழூரிலும் துத்திப்பட்டிலும் கிணறு கெட்ட ஒருவர், தம் உரிமையைச் சொல்லும் ஏட்டைத் தாமே படிக்க முடியாது என்றால், அந்த உரிமை அவர் கைக்கு வந்ததாகச் சொல்வது எப்படி?

தீர்ப்புக்குப் பின்

கோட்பாட்டை நீதிமன்றம் எழுதுகிறது. பயனைக் காலம் எழுதுகிறது. ஆணையம் 1996 செப்டம்பரிலேயே அமைந்தது. அது தன் கணக்கை முடித்து இழப்பீட்டை அறிவித்தது 2001ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள். வேலூர் மாவட்டத்தில் 547 ஆலைகள் பொறுப்பு; பாதிக்கப்பட்டோர் 29,193 பேர்; மொத்தத் தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். வாசகர்கள் வகுத்துப் பார்க்கலாம். ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் குறைவு. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட நிலத்தின் விலை, ஓர் ஆலை கட்டிய தண்டத் தொகையைக் கூட எட்டவில்லை.

அந்தத் தொகையாவது உரிய காலத்தில் எல்லோர் கைக்கும் சேர்ந்ததா என்றால், இல்லை. தொகை பற்றியும் தொடரும் மாசு பற்றியும் வழக்குகள் நீண்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2010 ஜனவரியில் ஒரு முடிவு சொன்னது. அது மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்று, 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் நீதியரசர்கள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோரின் தீர்ப்பில் முடிந்தது. முன்பே தீர்மானிக்கப்பட்ட இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், பாலாற்றைச் சீராக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. ஆணை நிறைவேறுகிறதா என்பதை நீதிமன்றமே தொடர்ந்து கண்காணிக்கும் என்றும் அறிவித்தது. மனு 1991இல், முதல் தீர்ப்பு 1996இல், இழப்பீட்டுக் கணக்கு 2001இல், அதைக் கொடுத்துத் தீருங்கள் என்ற ஆணை 2025இல். முப்பத்து நான்கு ஆண்டுகள்! மனுச் செய்த காலத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பார்கள்.

இடைக்காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது தவறு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆலைக்காரர்கள் பெரும்பணம் செலவிட்டார்கள். சிறு ஆலைகள் பல அச்செலவைத் தாங்காமல் தவித்தன. முதலில் வந்த நிலையங்கள் கழிவின் பல கேடுகளைக் குறைத்தபோதிலும், கரைந்த உப்பைப் பிரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அதன்பின் கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத முறை வந்தது. நீரைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வியாயிற்று. 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்திருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது சேறு பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆற்றைக் காக்க எழுப்பிய தொட்டியே அவர்களுக்குக் குழியாயிற்று. தீர்ப்பில் தொழிலாளிக்கு இடமில்லை என்று நாம் மேலே சுட்டியது வெறும் இலக்கிய நயத்துக்காக அன்று என்பதற்கு இந்தப் பத்து உயிர்களே சான்று.

இன்றைய வாசல்கள்

இன்று குடிமகனுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் வாரியத்தின் பரிசோதனை முடிவுகளைக் கேட்டுப் பெறலாம். 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தோன்றியது; 2012 முதல் அதன் தென்மண்டல ஆயம் சென்னையில் இயங்குகிறது. டில்லி வரை போக வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை.

ஆனால் இந்த வாசலிலும் படிகள் உயரமானவை. பொதுவான தகராறாயின், காரணம் முதலில் தோன்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வர வேண்டும்; ஈடு கேட்பதாயின் ஐந்து ஆண்டுக்குள். இவற்றுக்கு மேல் 60 நாள் சலுகை உண்டு. நிலத்தடி நீர் கெடுவதற்கு நாள் குறிக்க எவரால் முடியும்? ஒரு கிணறு முதலில் சற்றே கரிக்கும். பிறகு தென்னை வாடும். பிறகு தோலில் அரிப்பு வரும். எந்த நாளை முதல் நாளாகக் கணக்கிடுவது? ஈடு கேட்பவர் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கட்டணமும் செலுத்த வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. அக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் சிறு உழவருக்கு இல்லை.

அருகில் இருக்கும் வாசலை நாம் மறந்தும் போனோம். 1980ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் இரத்லாம் நகரத்து மக்கள், தங்கள் தெருவில் ஓடிய சாக்கடையையும் ஆலைக் கழிவையும் எதிர்த்து வென்ற வழக்கு உள்ளூர் நடுவர் மன்றத்தில்தான் தொடங்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு என்ற பழைய கருவியே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. அந்தப் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது. பேருந்தில் போய்வரும் தொலைவில், தமிழில் பேசும் இடத்தில், கட்டணச் சுமையின்றித் தொடங்கக்கூடிய வழி அது. நாட்டின் தலைநகரில் எழுதப்படும் பெருந்தீர்ப்புகளின் ஒளியில் இத்தகைய சிறு விளக்குகள் நம் கண்ணில் படாமல் போயின.

நம் கடமை

நம் வாசகர்களில் சிலர் இதுவரை படித்துவிட்டு, 'நம்மவர் பிழைக்கும் தொழிலை நாமே குறை கூறலாமா?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அத்தொழிலை எதிர்ப்பவர்களுள் சூழல் மேல் உள்ள அக்கறையால் பேசுவோரும் உண்டு. தொழில் யார் கையில் இருக்கிறது என்பதற்காகவே பேசுவோரும் உண்டு. இரண்டாமவர்க்கு நாம் துணை போக வேண்டியதில்லை. ஆனால் அவர்களைக் காரணம் காட்டி முதலாமவர்களின் வழக்கைத் தள்ளிவிடவும் முடியாது. கெட்ட நீர் மதம் பார்த்து இறங்குவதில்லை. வாணியம்பாடியில் தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு நிற்கும் பெண் நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கிறாள்.

அடியாருக்குரிய கடன்களை, ஹக்குல் இபாதை, உரியவரே மன்னித்தாலன்றித் தீராதவை என்று நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் கற்கிறோம். கடன் என்றதும் கைமாற்றாக வாங்கிய பணமே நினைவுக்கு வருகிறது. அடுத்தவன் கிணற்றில் இறங்கிய உப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். அந்தக் கடனைப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்து ஈடுசெய்துவிட முடியாது. கல்வி கொடுத்தது தனி நன்மை, நீரைக் கெடுத்தது தனிக் கடன். இதைச் சொல்வதால் நம் வள்ளல்களின் புகழ் குறையப் போவதில்லை.

செய்யக்கூடியவை பல. அந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் வேதியியல் துறைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் சுற்றுப்புறக் கிணறுகளின் நீரைச் சோதித்து முடிவைத் தமிழிலும் உருதுவிலும் வெளியிடுவது அவற்றுக்குக் கடினமான வேலையன்று. ஆலைக்காரர் சங்கங்கள் தங்கள் சுத்திகரிப்பு நிலையங்களின் கணக்கை ஊராருக்குத் திறந்து காட்டலாம். ஜமாஅத்துகள் ஆலை முதலாளி, தொழிலாளி, உழவர் ஆகிய மூவரையும் ஒரே பாயில் உட்கார வைக்கலாம்; அது நீதிமன்றத்தாலும் இயலாதது. இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருந்தும் பணம் பெறாத முதியோருக்கும் விதவைகளுக்கும் நம் இளம் வழக்கறிஞர்கள் மனு எழுதிக் கொடுக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பும் எளிய தமிழில் சிறு நூல்களாக அவ்வூர்களின் நூலகங்களில் கிடைக்க வேண்டும்.

திறனாய்வாளன் இறுதியில் நூலைப் பற்றித் தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். வேலூர்த் தீர்ப்பு ஒரு பெரிய தீர்ப்பு. நாட்டின் எந்த ஆற்றங்கரையில் வழக்கெழுந்தாலும் அதன் கோட்பாடுகள் அங்கே எடுத்தாளப்படுகின்றன. பிற ஊர் மக்கள் அதனால் பெற்ற பயன் மிகுதி. யாருடைய கிணறுகளுக்காக அது எழுதப்பட்டதோ அவர்கள் பெற்ற பயன் குறைவு. உரிமையை வரையறுக்கும்போது குடிமகனை நடுவில் வைத்தும், உரிமையை நிறைவேற்றும்போது அவனை வாசலில் நிறுத்தியும் எழுதியதால் விளைந்த குறை அது. அதைத் தீர்ப்பவர்கள் நீதிபதிகளாக மட்டும் இருக்க முடியாது. தீர்ப்பைப் படித்து, அதன் சொல்லைப் பற்றிக்கொண்டு, தங்கள் ஊர்க் கிணற்றடியில் நின்று கேள்வி கேட்கும் குடிமக்கள் வேண்டும். அவர்களுள் நம்மவரும் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.